எல்லாமே கத்தல்தானா?

"எல்லாமே கத்தல்தானேடா, அதுல என்னா உட்பிரிவு?" பூச்சோங்கில் ஒரு மாமாக் கடையில் நண்பன் கேட்டான். மெட்டல் ரசிகர்கள் எல்லாருமே எப்போதாவது சந்தித்திருக்கும் கேள்விதான். நியாயமான கேள்வியும்கூட. டூம், திராஷ், டெத், பிளாக் என்று நாம் அடுக்கும்போது வெளியாளுக்குச் சாதிப் பட்டியல் மாதிரிதான் கேட்கும்.

ஆனால் இந்தப் பெயர்கள் வேலை செய்கின்றன. டூம் என்றால் மெதுவான, கனத்த கித்தார். திராஷ் என்றால் வேகம், வெட்டி வெட்டி விழும் ரிஃப். டெத் மெட்டலில் குரல் அடித்தொண்டையில் உறுமும், பிளாக் மெட்டலில் கீச்சிடும். ஆஸ்திரேலியாவில் படித்த மலேசிய மாணவர்கள் தொடங்கிய குரோமோக்கின் 'இமேஜ் ஆஃப் பியூரிட்டி' ஒருவருக்குப் பிடித்துவிட்டால், 'திராஷ்' என்ற ஒரே சொல்லை வைத்து அடுத்த பத்து ஆல்பங்களைத் தேடிப் போகலாம்.

சிக்கல் ருத்ராவில் தொடங்குகிறது. 1992இல் சிங்கப்பூரில் உருவான இந்தக் குழு தன் இசையை 'வேதிக் மெட்டல்' என்கிறது. பெயரை நம்பி வீணையும் பஜனையும் எதிர்பார்த்துப் போனால் செவியில் அறை விழும். ஒலி பெரும்பாலும் டெத் மெட்டல். அத்வைதம் இருப்பது வரிகளில். 2005, 2009, 2011 என மூன்று ஆல்பங்களாக வந்த 'பிரம்மவித்யா' வரிசையைக் கேட்டால் இது புரியும். அப்போ பெயர் பொய்யா? இல்லை. தேவாரத்தைப் பண்முறையாகவும் அடுக்கியிருக்கிறார்கள், தலமுறையாகவும் அடுக்கியிருக்கிறார்கள். பாடல் ஒன்றுதான், கேள்வி வேறு. 'டெத்' எப்படி ஒலிக்கிறது என்று சொல்கிறது, 'வேதிக்' எதைப் பாடுகிறது என்று சொல்கிறது. இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் பாதிச் சண்டை வருகிறது.

மீதிச் சண்டை விளையாட்டல்ல. 2005 டிசம்பர் 31 இரவு, பழைய கிள்ளான் சாலையில் பால்ஸ் பிளேஸ் என்ற இடத்தில் நடந்த இசை நிகழ்ச்சிக்குள் போலீஸ் புகுந்தது. முன்னூறுக்கும் மேற்பட்டோர் பிடித்துச் செல்லப்பட்டார்கள். 'பிளாக் மெட்டல்' கூட்டம் என்று செய்தி பரவியது. அங்கே இருந்தது ஹார்ட்கோர், பங்க் கூட்டம். அடுத்த ஆண்டே தேசிய ஃபத்வா மன்றம் பிளாக் மெட்டலை முஸ்லிம்களுக்கு விலக்கப்பட்டதாக அறிவித்தது. "எல்லாமே கத்தல்தானே" என்ற நண்பனின் வாக்கியம் அதிகாரத்தின் வாயில் போனால் இப்படித்தான் ஆகும்.

ஆனால் இந்த இடத்தில் நாமும் ஒரு தப்பு செய்கிறோம். "அது பிளாக் மெட்டல் இல்லைங்க, பங்க்" என்று திருத்துகிறோம். தகவல் சரி. ஆனால் அது பிளாக் மெட்டலாகவே இருந்திருந்தால்? அப்போது அந்தப் பிள்ளைகளை லாரியில் ஏற்றியது சரியாகிவிடுமா? ஒருவரின் டி-சர்ட்டைப் பார்த்து "நீ உண்மையான ரசிகன் இல்லை" என்று சொல்லும் நம்மாளும் அதே தப்பைத்தான் சின்ன அளவில் செய்கிறான்.

உட்பிரிவுப் பெயர் பாட்டுக்கு ஒட்டவேண்டிய சீட்டு, ஆளுக்கு அல்ல. அடுத்த பாட்டைக் காட்டும்வரை அதை வைத்துக்கொள்ளலாம்.

நண்பனுக்கு அன்றைக்கு நான் வகைப்பாடு எதுவும் விளக்கவில்லை. இயர்போனின் ஒரு பக்கத்தைக் கொடுத்து குரோமோக் ஒரு பாட்டு, ருத்ரா ஒரு பாட்டு போட்டேன். "ரெண்டும் வேற வேறடா" என்றான். உட்பிரிவு அங்கேதான் பிறக்கிறது.