செட் ஆஃப் யாரைக் காப்பாற்றும்?

சிஏ இன்டர் எழுதப் போகிற பிள்ளையிடம் கோச்சிங் சார் முதல் பக்கத்து வீட்டு அண்ணன் வரை சொல்வது ஒன்றுதான்: "ரெண்டு குரூப்பையும் சேர்த்தே எழுதிடு, செட் ஆஃப் இருக்குல்ல." இதில் பாதிதான் சரி.

கணக்கைப் பார்ப்போம். 2024 மே முதல் நடக்கும் புதிய திட்டத்தில் குரூப்புக்கு மூன்று பேப்பர், 300 மார்க். ஒவ்வொரு பேப்பரிலும் 40 வேண்டும். குரூப் மொத்தத்தில் பாதி, அதாவது 150 வேண்டும். ஒருவர் முதல் குரூப்பில் 165, இரண்டாவதில் 138 வாங்குகிறார். தனித்தனியாக எழுதியிருந்தால் இரண்டாவது போச்சு. சேர்த்து எழுதியதால் மொத்தம் 303, இரண்டுமே பாஸ். இதுதான் செட் ஆஃப். கேட்க இனிப்பாகத்தான் இருக்கிறது.

ஆனால் அந்த 138-க்குள் காஸ்டிங் 38 என்று உட்கார்ந்திருந்தால் கதை வேறு. முதல் குரூப் தன் 165-ஆல் தேறிவிடும். உபரி 15 மார்க் எதற்கும் உதவாது. செட் ஆஃப் 150-க்கு வந்த குறையைத்தான் நிரப்பும், 40-க்கு வந்த குறையை அல்ல. ஆறு பேப்பருக்கு நேரத்தைப் பிரித்துக்கொடுக்கும்போது முதலில் அடிவாங்குவதோ, ஏற்கெனவே பயந்து ஒதுக்கிய அந்த ஒரு பேப்பர்தான்.

ரிசல்ட் வந்ததும் இரு குரூப் எழுதியவர்களின் தேர்ச்சி சதவீதத்தையும் ஒற்றை குரூப் சதவீதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாதாடுகிறார்கள். போன முறை ஒன்றைத் தேறிவிட்டு மீதியை எழுத வந்தவர்களும் ஒற்றை குரூப் கூட்டத்தில்தான் இருக்கிறார்கள். இரண்டும் ஒரே மாதிரி ஆட்கள் அல்ல, ஒப்பிட்டு என்ன பயன்?

"ஒரு குரூப் போதும், ஆர்ட்டிகிள்ஷிப் சேர்ந்துடலாம்" என்ற சீனியர் யோசனையும் பழசாகிவிட்டது. முன்பு ஒரு குரூப் தேறினால் மூன்று வருடப் பயிற்சியில் சேரலாம். இப்போது பயிற்சி இரண்டு வருடம், ஆனால் இரு குரூப்பும் தேறியாக வேண்டும். அதற்கு ஈடாக இன்டர் தேர்வு வருடத்துக்கு மூன்று முறை நடக்கிறது. ஒரு குரூப்பைத் தள்ளிவைத்தால் போவது ஏறக்குறைய நான்கு மாதம், முன்பு போல ஆறு அல்ல.

என்னைக் கேட்டால் மாக் டெஸ்ட்டில் மிகக் குறைந்த மார்க்கை மட்டும் பார்ப்பேன். அது 45 பக்கம் நின்றால் இரண்டையும் எழுதலாம். 33 என்றால் அந்த பேப்பர் இருக்கும் குரூப்பை அடுத்த அட்டெம்ப்டுக்கு வைத்துவிட்டு, மற்ற மூன்றை முடிக்கலாம். எந்தக் குரூப்பை முதலில் எழுதுவது என்பதில் கட்டாயம் எதுவும் இல்லை.