ஓர்சமாரின் சாதிக் கணக்கு

மிகுபுனைவில் குள்ளர்கள் என்றாலே தாடி, சுத்தியல், பீர்க் குவளை, பொன்னாசை. 1937-இல் வெளிவந்த ‘தி ஹாபிட்’ நாவலில் டோல்கீன் போட்டுக் கொடுத்த தடம் அது. அவருடைய குள்ளர்களிடம் வம்சப் பெருமை உண்டு, நாடிழந்த அரச வாரிசு உண்டு. அவர்களுடைய மலைக்குள் யார் மண் சுமந்தார்கள், யாருக்குச் சோறு மறுக்கப்பட்டது என்று மட்டும் தெரியாது. அதைக் கேட்கத் துணிந்தது ஒரு கணினி விளையாட்டு: கனடாவின் பயோவேர் நிறுவனம் உருவாக்க, 2009-இல் வெளிவந்த ‘டிராகன் ஏஜ்: ஒரிஜின்ஸ்’.

அதில் வரும் நிலத்தடி நகரமான ஓர்சமாரில் பிரபுக்கள், போர்வீரர், கொல்லர், கைவினைஞர், வணிகர், சுரங்கத்தார், பணியாளர் என்று பிறப்பே தொழிலை முடிவு செய்கிறது. இந்த வரிசைக்கு வெளியே சாதியற்றோர். பிறந்தவுடன் அவர்கள் முகத்தில் முத்திரை குத்திவிடுகிறார்கள். நகரத்தின் வம்சாவளி ஏடுகளில் அவர்கள் பெயர் ஏறாது. எந்தத் தொழிலும் அவர்களுக்குச் சட்டப்படி உரியதல்ல. ஆகவே டஸ்ட் டவுன் சேரியில் பிச்சை, திருட்டு, கார்டா என்ற கடத்தல் கும்பலின் எடுபிடி வேலை. பிறகு, பிறவியிலேயே குற்றவாளிகள் என்று அவர்களையே தூற்றுகிறது ஊர். பிழைக்கும் வழியை அடைத்துவிட்டு, பிழைத்த விதத்தைக் குற்றமாக்கும் இந்தச் சுழற்சியை விளையாட்டு பிரசங்கம் இல்லாமல் காட்டுகிறது.

இதைவிடக் கூர்மையானது திருமண விதி. அதைத் திருமண விதி என்பதைவிடப் படுக்கை விதி என்பதே பொருத்தம். மகனுக்குத் தந்தையின் சாதி, மகளுக்குத் தாயின் சாதி. டார்க்ஸ்பான் என்னும் அரக்கக் கூட்டத்தோடு முடிவில்லாப் போர். பிறப்போ அருகிக்கொண்டே வருகிறது. பிரபுக்களுக்கு ஆண் வாரிசு வேண்டும். எனவே சாதியற்ற பெண்ணொருத்தி பிரபுவுக்கு மகனைப் பெற்றால், அவளும் அவள் குடும்பமும் அந்த மாளிகைக்குள் போகலாம். மகள் பிறந்தால் பழையபடி சேரி. ரிக்கா என்ற பாத்திரத்துக்குப் பட்டாடையும் நாகரிகப் பேச்சும் வாங்கிக் கொடுப்பவன் கார்டா தலைவன் பெராட். அவனுக்கு அது முதலீடு. தவறினால் உயிருக்கு உத்தரவாதமில்லை. மேலே இருக்கும் ஆண்களுக்குத் தேவைப்படும் இடத்தில் மட்டும் சாதி நெகிழும் என்பதை இவ்வளவு கச்சிதமாகச் சொன்ன மிகுபுனைவு வேறொன்றை நான் பார்த்ததில்லை.

ஆனால் நடுப்படிகள்? அம்பேத்கர் சாதியைப் படிநிலைப்பட்ட ஏற்றத்தாழ்வு என்றார். ஒவ்வொரு படிக்கும் மிதிக்க இன்னொரு படி இருப்பதுதான் அதன் பலம். ஓர்சமாரில் உச்சியும் அடியும் துலங்குகின்றன. பணியாளரும் சுரங்கத்தாரும் வெறும் பின்னணி. தன் காலடியில் சாதியற்றவன் இருப்பதால் ஒரு பணியாளுக்குக் கிடைக்கும் அற்ப நிம்மதி எங்கும் காட்சியாகவில்லை. கட்டடம் ஏன் சரியாமல் நிற்கிறது என்பதற்கான பாதிப் பதில் அங்கேதான் இருந்தது.

அரியணைப் போட்டி அந்தக் குறையை ஓரளவு ஈடுகட்டுகிறது. பெலன், அண்ணனின் சாவுக்குச் சூழ்ச்சி செய்த இளவரசன். ஹாரோமான்ட், சொல் தவறாத முதியவர். பெலனை அரசனாக்கினால் சாதிக் கட்டு தளர்கிறது, மேலுலக வணிகம் திறக்கிறது, சாதியற்றோர் ஆயுதம் ஏந்துகிறார்கள். பிரபுக்கள் சபையும் கலைக்கப்படுகிறது. நல்லவரை அமர்த்தினால் பழைய விதிகள் இறுகுகின்றன. நேர்மையான மனிதர் அநீதியின் நேர்மையான காவலராகவும் இருக்கலாம் என்ற இந்த அமைப்பு துணிச்சலானது.

ஆயினும் விடுதலை அரண்மனையிலிருந்தே இறங்கி வருகிறது. டஸ்ட் டவுனுக்குக் கும்பல் உண்டு, அரசியல் இல்லை. சாதியற்றவராகவே ஆட ஒரு தொடக்கம் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது: குடித்து மயங்கிய வீரனின் கவசத்தை மாட்டிக்கொண்டு போட்டியில் வெல்கிறோம், பிடிபடுகிறோம், டார்க்ஸ்பானோடு போரிடும் கிரே வார்டன் படை நம்மை அழைத்துக்கொண்டு போய்விடுகிறது. தப்பிப்பது ஒருவர், தெரு அப்படியே கிடக்கிறது. வாழும் மூதாதையாகவே ஒருவரைப் போற்றும் ‘பாராகன்’ பட்டமும் அதே வழிதான். கொல்லர் சாதியில் பிறந்த பிராங்காவைச் சபை அதற்கு உயர்த்தியதும் அவளுக்கென்று ஒரு பிரபுக் குடும்பம் உருவாகிறது. ஏணி தொடப்படவே இல்லை.

சாதி இயங்கும் விதத்தை வரைந்ததில் ஓர்சமாருக்கு இணையான குள்ளர் சமூகம் மிகுபுனைவில் இல்லை என்பதே என் முடிவு. அதை எதிர்ப்பவர்களைக் கற்பனை செய்ய மட்டும் அதன் எழுத்தாளர்களுக்கு மனம் வரவில்லை. தொடரின் பிற்பாதி இந்தக் குறையை மோசமாக்கியது. 2015-இல் வந்த ‘தி டிசென்ட்’ இணைப்பு, குள்ளர்களின் மூலத்தை டைட்டன்கள் எனும் பேருருக்களின் புராணத்தில் தேடப் போனது. பெலன் தளர்த்திய சட்டம் டஸ்ட் டவுனில் யாருக்கு வேலை கொடுத்தது, எந்தப் பிரபு அதை எதிர்த்தான் என்று காட்ட அதற்குப் பிறகு எந்த விளையாட்டும் ஓர்சமாருக்குத் திரும்பவில்லை.