முதலில் மூலைமட்டம்

மரவேலையைப் பொழுதுபோக்காகத் தொடங்குகிறவர்களின் கை, கடைக்குள் நுழைந்ததும் மின்சார ரம்பத்தின் பக்கம்தான் நீளும். நான் முதலில் வாங்கச் சொல்வது, செங்கோணம் பார்க்கும் மூலைமட்டம். அதை வாங்கும் இடத்திலேயே சோதித்துவிடலாம். நேரான விளிம்புள்ள பலகையில் மட்டத்தை அணைத்துவைத்துப் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். மட்டத்தைப் புரட்டி, அதே புள்ளியிலிருந்து இன்னொரு கோடு. இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால் கருவி சுத்தம். மேலே போகப்போக விலகினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

கருவியைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதைச் சிவகாசிப் பக்கத்துக்காரர்களுக்குத் தனியாக விளக்க வேண்டியதில்லை. இரும்பு உரசினால் பொறி பறக்கும் என்பதால், பட்டாசு மருந்து புழங்கும் அறையில் மரமும் பித்தளையும்தான் கருவி. அங்கே கருவித் தேர்வு உயிர்ப் பிரச்சினை.

அடுத்து, ஒரே ஒரு முக்கால் இஞ்ச் உளி; தீட்ட ஒரு எண்ணெய்க்கல். உளியின் நுனியை வெளிச்சத்தில் பிடியுங்கள். மினுங்கினால் மொட்டை, கண்ணுக்கே தெரியாமல் மறைந்தால் கூர். கூரான உளி வேப்பம்பலகையில் ஓடும்போது சீவல் சுருண்டு எழும் அழகுக்கே காசு கொடுக்கலாம்! இழைப்புளியும் மற்றவையும், செய்யும் பொருள் கேட்கும்போது வரட்டும்.

ஸ்ரீவில்லிபுத்தூர் போனால் ஆண்டாள் கோயில் தேரின் மரச்சிற்பங்களை அருகில் நின்று பாருங்கள். உளியும் கொட்டாப்புளியும் செய்த வேலை அது.