300 ஓமுக்கு எத்தனை வோல்ட்?

அருப்புக்கோட்டையைத் தாண்டி பரளச்சி, திருச்சுழி பக்கம் எந்த ஊரில் பொங்கல் சாட்டினாலும் முதலில் மரத்தில் ஏறுவது குழாய்தான். வேம்பில் ஒன்று, தண்ணீர்த்தொட்டி மேல் ஒன்று, ஊர்க்கோடியில் கம்பு நட்டு ஒன்று என்று மைக்செட்காரர் கட்டிக்கொண்டே போவார். கோயிலடியில் இருக்கும் ஆம்ப்ளிபயரின் பின்பக்கம் பார்த்தால் 4, 8, 16 ஓம் என்று திருகுகள் இருக்கும். அவற்றுக்குப் பக்கத்திலேயே 70 வோல்ட், 100 வோல்ட் என்று இன்னும் இரண்டு. கிட்டத்தில் இருக்கும் குழாய்க்கு ஓம் திருகு போதும். ஊர்க்கோடிக் குழாய்க்கு 100 வோல்ட்டில் லைன் இழுத்து, குழாயடியில் ஒரு டிரான்ஸ்பார்மர் போடவேண்டும். அகுஜா ஆம்ப்ளிபயரை வைத்துப் பிழைப்பவர்களுக்கு இதெல்லாம் அத்துப்படி. 100 வாட்டை 8 ஓமுக்கு நேரடியாகக் கொடுத்தால் கம்பியில் மூன்றரை ஆம்பியர் ஓடும். 100 வோல்ட் லைனில் அதே வாட்டுக்கு ஒரு ஆம்பியர்தான். கரண்ட் குறைந்து வோல்ட் ஏறுகிறது, வேலை அதேதான்.

ஹை இம்பீடன்ஸ், அதாவது ஓம் கூடிய ஹெட்போன் வாங்கிவிட்டு, அதற்கு எந்தக் கையடக்க ஆம்ப்ளிபயர் சரிப்படும் என்று தேடுகிறவர் பிடித்துக்கொள்ள வேண்டியதும் இதே கணக்கைத்தான். சென்ஹைசர் எச்டி 600, எச்டி 650 இரண்டும் 300 ஓம். பேயர்டைனமிக் டிடி 770 ப்ரோ, டிடி 990 ப்ரோ இரண்டிலும் 250 ஓம் ரகம் உண்டு. டிடி 880 எடிஷனில் 600 ஓம் வரை போகிறது. போனோடு வரும் சாதாரண இயர்போன் 16 அல்லது 32 ஓம்தான். ஓம் கூடக் கூட ஹெட்போன் கேட்பது வோல்ட்டை. கரண்ட் அதற்குக் கொஞ்சம் போதும்.

பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் அச்சடித்திருப்பதோ மில்லிவாட். அதுவும் பெரும்பாலும் 32 ஓமுக்கு அளந்த மில்லிவாட்.

பெரிய எண்ணும் சின்ன எண்ணும்

பிரிட்டனின் கார்ட் நிறுவனம் 2015-இல் கொண்டுவந்த மோஜோவை எடுத்துக்கொள்வோம். 8 ஓமில் 720 மில்லிவாட், 600 ஓமில் 35 மில்லிவாட் என்று நிறுவனமே சொல்கிறது. 720-ஐப் பார்த்தவர் வாயைப் பிளப்பார், 35-ஐப் பார்த்தவர் உதட்டைப் பிதுக்குவார். வோல்ட்டாக மாற்றிப் பார்த்தால் முதலாவது 2.4, இரண்டாவது 4.6. 600 ஓம் ஹெட்போன்காரருக்கு அந்தச் சின்ன எண்தான் நல்ல செய்தி.

மாற்றும் வழி சுலபம். வாட்டை ஓமால் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் வோல்ட். வோல்ட் தெரிந்தால் மீதியை மனக்கணக்கிலேயே போட்டுவிடலாம். எச்டி 650-க்கு ஒரு வோல்ட் கொடுத்தால் 103 டெசிபல் சத்தம் வரும். வோல்ட் இரட்டித்தால் 6 டெசிபல் கூடும். ஆக 2 வோல்ட்டில் 109, 4 வோல்ட்டில் 115. டிடி 990 ப்ரோவின் 250 ஓம் ரகம் ஒரு வோல்ட்டுக்கு ஏறத்தாழ 102 டெசிபல் தரும். 600 ஓம் டிடி 880 ஏறத்தாழ 98.

இவ்வளவு சத்தம் தேவையா? உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி, பெரியவர்கள் 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம் வரை கேட்கலாம். சராசரியை அங்கே வைத்துக்கொண்டு, தவில் அடியோ டிரம்ஸோ திடீரென எகிறும் இடத்துக்கு மேலே 25 டெசிபல் இடம் விட்டாலும் உச்சம் 105-தான். எச்டி 650-க்கு அதற்குத் தேவை ஒன்றேகால் வோல்ட். செங்கல் கனத்தில் பேட்டரி ஆம்ப்ளிபயர் இல்லாவிட்டால் 300 ஓம் ஓடாது என்று பயமுறுத்துகிறவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதில்லை.

பதிவைப் பொறுத்தும் கணக்கு மாறும். இப்போதைய சினிமாப் பாட்டுகள் முதல் நொடியிலிருந்தே முட்ட முட்டச் சத்தமாக வருகின்றன. அரை வோல்ட்டிலேயே காது நிறைந்துவிடும். இளையராஜாவின் 1986-ஆம் ஆண்டு ‘ஹவ் டு நேம் இட்’, 2005-இல் வந்த திருவாசக சிம்பொனி போன்றவற்றில் மெல்லிய இடமும் ஓங்கும் இடமும் வெகுதூரம் விலகி நிற்கும். கர்நாடகக் கச்சேரிப் பதிவில் தம்பூராவோடு தொடங்கும் ஆலாபனையும் அப்படித்தான். மெல்லிய இடம் கேட்கவேண்டும் என்று சத்தத்தை ஏற்றினால் ஓங்கும் இடத்துக்கு வோல்ட் போதாமல் ஒலி உடையும். ஸ்பாட்டிஃபை எல்லாப் பாட்டையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவர முழக்கமான பதிவுகளைக் கீழே இறக்குவதால் அங்கேயும் கொஞ்சம் கூடுதல் பலம் வேண்டும். இப்படிக் கேட்கிறவருக்கு 2 வோல்ட் நிம்மதி. 4 வோல்ட் இருந்தால் யோசிக்கவே வேண்டியதில்லை.

ஒரு வோல்ட்: ஆப்பிளின் வெள்ளை வால்

வரிசையில் மலிவானது ஆப்பிளின் டைப்-சி டூ 3.5 மி.மீ. அடாப்டர். விரல் நீள வெள்ளை வயர்தான். ஆனால் உள்ளே, டிஜிட்டல் பாட்டை மின் அலையாக மாற்றும் முழு டேக்கும் (டிஏசி) ஆம்ப்ளிபயரும் உட்கார்ந்திருக்கின்றன. ஐபேடிலும் லேப்டாப்பிலும் செருகினால் ஒரு வோல்ட் தருகிறது, ஒலியும் சுத்தம். எச்டி 650-ஐ இதில் போட்டு இரவில் அமைதியான அறையில் கேட்டால் பெரும்பாலான பாட்டுக்குக் குறை சொல்ல முடியாது.

இதன் வில்லங்கம் ஆண்ட்ராய்டில்தான். பல ஆண்ட்ராய்டு போன்கள் இந்த அடாப்டருக்குள் இருக்கும் வால்யூமைப் பாதியில் நிறுத்திவிடுகின்றன. போனில் கோடு முழுக்க ஏறியிருக்கும், ஒலியோ எங்கோ பக்கத்துத் தெருவில் கேட்பதுபோல் இருக்கும். ‘யூஎஸ்பி ஆடியோ பிளேயர் ப்ரோ’ என்ற காசு கொடுத்து வாங்கும் ஆப், ஆண்ட்ராய்டைத் தாண்டிப் போய் அந்த வால்யூமை நேரடியாகத் திறந்துவிடும். ஆனால் யூடியூபில் கச்சேரி பார்க்கிறவருக்கு அந்த ஆப்பால் பிரயோசனமில்லை. இன்னொன்று: ஐரோப்பாவில் விற்கும் ஏ2155 மாடல் அரை வோல்ட்தான் தரும், ஒரு வோல்ட் தருவது ஏ2049. வெளிநாட்டில் இருக்கும் மச்சானிடம் வாங்கிவரச் சொன்னால் இந்த எண்ணையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

இரண்டு வோல்ட்: டிராகன்ஃபிளையும் பழைய எல்ஜியும்

பென்டிரைவ் அளவு டாங்கிளில் டேக்கையும் ஆம்ப்ளிபயரையும் அடக்கலாம் என்று 2012-இல் காட்டியது ஆடியோக்வெஸ்ட்டின் டிராகன்ஃபிளை. அதில் பிளாக் ரகம் 1.2 வோல்ட், ரெட் ரகம் 2.1 வோல்ட். இப்போது அதே 2 வோல்ட்டைச் சீன நிறுவனங்கள் அதைவிடக் குறைந்த விலைக்குத் தருகின்றன. அதனால் டிராகன்ஃபிளைதான் வேண்டும் என்று அடம்பிடிக்கக் காரணம் எதுவும் இல்லை.

டேக்கே வாங்காமல் 2 வோல்ட் பெறவும் ஒரு வழி உண்டு. எல்ஜி நிறுவனம் வி20, வி30, ஜி8எக்ஸ் போன்ற போன்களில் குவாட் டேக் என்று ஒன்றை வைத்திருந்தது. ஹெட்போனைச் செருகியதும் போன் அதன் ஓமை அளந்து பார்க்கும். 50 ஓமுக்கு மேல் என்று கண்டால் தானாகவே ஹை இம்பீடன்ஸ் முறைக்கு மாறி ஏறத்தாழ 2 வோல்ட் தரும். ஜி8எக்ஸ் இந்தியாவுக்கு 2019 டிசம்பரில் 49,999 ரூபாய்க்கு வந்தது. அடுத்த ஆண்டு பிளிப்கார்ட்டின் தீபாவளிக்கு முந்தைய தள்ளுபடி விற்பனையில் 19,990 ரூபாய்க்கு இறங்க, ஜனங்கள் அள்ளிக்கொண்டு போனார்கள். 2021-இல் எல்ஜி போன் தொழிலையே விட்டுவிட்டது. பேட்டரி நன்றாக இருக்கும் பழைய ஜி8எக்ஸ் கிடைத்தால், சிம் போடாமல் பாட்டுப் பெட்டியாகவே வைத்துக்கொள்ளலாம்.

நான்கு வோல்ட்: பேலன்ஸ்டு என்ற கதவு

மூன்ட்ராப் டான் ப்ரோ, க்யூடெலிக்ஸ்-5கே இரண்டும் 4 வோல்ட் என்று சொல்கின்றன. அந்த 4 வோல்ட் வருவது, ஒவ்வொரு காதுக்கும் தனித்தனிக் கம்பி ஜோடி போகும் பேலன்ஸ்டு துளையில் மட்டும். டான் ப்ரோவில் அது 4.4 மி.மீ., க்யூடெலிக்ஸில் 2.5 மி.மீ. சாதாரண 3.5 மி.மீ. துளையில் செருகினால் இரண்டுமே 2 வோல்ட்தான்.

ஆகவே ஆம்ப்ளிபயரைப் பார்க்குமுன் ஹெட்போனின் வயரைப் பார்க்கவேண்டும். எச்டி 600, எச்டி 650 வயர்களைக் கிண்ணத்திலிருந்து உருவி எடுக்கலாம். முனையில் இரண்டு ஊசி. ஒன்று தடிமன், ஒன்று மெல்லியது. திருப்பிச் செருகினால் போகாது. ஒவ்வொரு காதுக்கும் தனியாக இரண்டு கம்பி வருவதால் 4.4 மி.மீ. முனையுள்ள வேறு வயர் வாங்கி மாட்டினால் 4 வோல்ட்டும் கிடைக்கும். டிடி 990 ப்ரோவின் சுருள் வயரோ கிண்ணத்தோடு ஒட்டியே வருகிறது, கழற்ற முடியாது. வெட்டி ஒட்டத் துணியாதவருக்கு 4 வோல்ட் என்ற விளம்பரம் ஏட்டுச் சுரைக்காய். அவர் பார்க்கவேண்டியது 3.5 மி.மீ. துளையின் வோல்ட்டை மட்டுமே.

இந்த இரண்டு கருவிகளில் க்யூடெலிக்ஸ் கொஞ்சம் வேறு ஜாதி. எடை 25 கிராம், சட்டைப் பையில் கிளிப் போட்டு மாட்டலாம். புளூடூத்தில் தரம் அதிகம் குறையாமல் பாட்டை அனுப்பும் எல்டேக் முறையும் வருவதால் போனைக் கட்டிலில் போட்டுவிட்டு நடமாடலாம். அதன் ஆப்பில் இருக்கும் ஈக்வலைசரைப் போன்றது இந்த விலையில் அபூர்வம். டிடி 990-இன் கீச்சென்ற மேல்சுரத்தை எட்டாயிரம் ஹெர்ட்ஸ் பக்கம் சில டெசிபல் இறக்கினால் நாதஸ்வரம் காதைக் குத்தாமல் கேட்கிறது. குறை என்று பார்த்தால் பொடிப் பொத்தான்கள். இருட்டில் வால்யூம் என்று நினைத்து வேறெதையாவது அழுத்திவிட வாய்ப்பு உண்டு.

இன்னும் மேலே போகிறவர்களுக்கு ஐஃபையின் ஹிப்-டேக். இடுப்பில் செருகும் மதுக்குப்பி வடிவம், நீல உடல், செம்பு நிறத் திருகு. உருட்டித் திருகும் வால்யூமின் சுகம் எந்தப் பொத்தானிலும் வராது. பேலன்ஸ்டில் 600 ஓமுக்கு 6.3 வோல்ட், சாதாரணத் துளையில் 3.2 வோல்ட். வயர் கழற்ற முடியாத 600 ஓம் டிடி 880 வைத்திருப்பவருக்கு இந்த 3.2-தான் ஈர்ப்பு. முதல் ஹிப்-டேக்கின் யூஎஸ்பி முனை உள்ளே அமுங்கிய ஆண் முனை என்பதால், சாதாரண டைப்-சி வயர் அதில் மாட்டாது. அதற்கென்று இருக்கும் ஓடிஜி வயரும் பையில் இருக்கவேண்டும். அதை மறந்துவிட்டு வெளியூர் போனால் ஹிப்-டேக் வெறும் அழகுப் பொருள்தான்.

கரிசல் காட்டு வெயிலில்

திறந்த கிண்ண ஹெட்போனைப் பஸ்ஸில் போடுவது வீண். எச்டி 650-ம் டிடி 990-ம் உள்ளே இருக்கும் ஒலியை வெளியே விடும், வெளியே இருக்கும் ஹாரனை உள்ளே விடும். பரளச்சியிலிருந்து அருப்புக்கோட்டைக்கு ஜன்னலோரம் உட்கார்ந்து போகும்போது கேட்க மூடிய கிண்ணம் உள்ள டிடி 770 சரி. விசைத்தறி ஓடும் வீட்டிலும் அதுவேதான். ஆனால் தறிச் சத்தத்தை மீறிக் கேட்கவேண்டும் என்று வால்யூமை ஏற்றினால் கெடுவது காதுதான். மற்றபடி இந்த ஊர்ப்பக்கம் கையடக்கம் என்பதன் பொருள், அறையிலிருந்து மொட்டை மாடிக்கும், கரண்ட் போன இரவில் கயிற்றுக் கட்டிலுக்கும் தூக்கிக்கொண்டு போகமுடிவது.

வெயில் இன்னொரு கணக்கு. லித்தியம் பேட்டரியை 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் ஏற்றக்கூடாது. சித்திரை மதியத்தில் தகரக் கூரைக்கு அடியிலோ பைக் டேங்க் கவரிலோ வைத்த கருவி அந்த எல்லையை எளிதாகத் தாண்டும். பேட்டரி உள்ள ஹிப்-டேக், க்யூடெலிக்ஸ் இரண்டையும் இரவில் சார்ஜ் போடுவது உத்தமம். பேட்டரி இல்லாத டான் ப்ரோ வகையறாக்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. பதிலுக்கு அவை போனின் பேட்டரியைக் குடிக்கும், அதுவும் டைப்-சி துளையை அடைத்துக்கொண்டு. ஒரே நேரத்தில் பாட்டும் சார்ஜும் வேண்டுமானால் ஒயர்லெஸ் சார்ஜிங் உள்ள போனோ, தனி அடாப்டரோ தேவைப்படும்.

டவர் எட்டாத ஊர்களில் மூன்றாவது தொல்லையும் உண்டு. சிக்னல் பலவீனமாக இருந்தால் போன் தன் முழு பலத்தையும் கூட்டி அலையை அனுப்பும். கவசம் சரியில்லாத டாங்கிள் வயரில் அது ‘டிர்ர்’ என்று கேட்கும். பாட்டுகளை முன்கூட்டியே இறக்கி வைத்து, போனை ஏரோபிளேன் மோடில் போட்டால் சத்தம் நின்றுவிடும். அழைப்பைத் தவறவிட முடியாதவர் டாங்கிளைப் போனோடு ஒட்டி வைக்காமல் கொஞ்சம் நீளமான வயரில் தள்ளி வைக்கலாம்.

கடையில் வாங்காமல் தானே செய்துகொள்ள, சாலிடரிங் அயர்ன் பிடிக்கத் தெரிந்தவர்களுக்கு ஓ2 என்ற ஹெட்போன் ஆம்ப்ளிபயர் இருக்கிறது. ‘என்டபிள்யூஏவிகை’ என்ற புனைபெயரில் ஒருவர் 2011-இல் முழுச் சுற்றுப்படத்தையும் இலவசமாகக் கொடுத்தார்; மறு ஆண்டே எழுதுவதை நிறுத்திவிட்டார், ஆள் யாரென்று இன்றுவரை தெரியாது. இரண்டு 9 வோல்ட் பேட்டரியில் ஓடும், வீட்டு மின்சாரத்தில் 7 வோல்ட் வரை தரும். சென்னை ரிச்சி தெருவில் ஒரு நாள் அலைந்தால் பெரும்பாலான உதிரிகள் கிடைத்துவிடும். டேக் இல்லை என்பதால் போனுக்கும் அதற்கும் நடுவே ஆப்பிள் அடாப்டரைப் போட்டுக்கொள்ள வேண்டும்.

யாருக்கு எது

எச்டி 600, 650 வைத்துக்கொண்டு சினிமாப் பாட்டு மட்டும் கேட்பவர், லேப்டாப்போ ஐபேடோ இருந்தால் ஆப்பிள் அடாப்டரோடு நின்றுகொள்ளலாம். ஆண்ட்ராய்டு போன்தான் என்றால் 2 வோல்ட் டாங்கிள். அதே ஹெட்போனில் கச்சேரியும் சிம்பொனியும் கேட்பவருக்கு டான் ப்ரோவும் ஒரு 4.4 மி.மீ. வயரும். 250 ஓம் டிடி 990, டிடி 770 இரண்டுக்கும் க்யூடெலிக்ஸ், 3.5 மி.மீ. துளையின் 2 வோல்ட்டில் 108 டெசிபல் வரை எட்டும், ஈக்வலைசரும் கூடவே வருகிறது. 600 ஓம் டிடி 880 வைத்திருப்பவர் மட்டும் ஹிப்-டேக்குக்குச் செலவு செய்யலாம். பெட்டியில் 600 ஓம் அல்லது 300 ஓம் வோல்ட் எவ்வளவு என்று போடாமல் 32 ஓம் மில்லிவாட்டை மட்டும் போட்டிருக்கும் கருவியை, என்ன தள்ளுபடி கொடுத்தாலும், கடையிலேயே வைத்துவிட்டு வரலாம்.