நடந்து பாராத ஊர் வரலாறுகள்

ஊர் வரலாறு எழுதுவது நம் சமுதாயத்தில் நெடுநாளாக நிலவி வரும் நற்பழக்கம். பள்ளிவாசல் திறப்பு விழா மலரோ, மதரஸா ஆண்டு மலரோ, எதை எடுத்தாலும் ஊரின் தொன்மை பற்றி ஒரு கட்டுரையேனும் அதில் இடம் பெற்றிருக்கும். இவற்றால் அழிந்துபோகாமல் காக்கப்பட்ட செய்திகள் பல. ஆயினும் ஒரு குறையை எடுத்துரைக்காமல் இருக்க இயலவில்லை. இவற்றை எழுதியோர் கல்வெட்டைப் படித்திருக்கிறார்கள், மீசான் கற்களை எண்ணியிருக்கிறார்கள், வமிசாவளியை வரிசைப்படுத்தியிருக்கிறார்கள். ஊரைச் சூழ்ந்த நிலத்தை மட்டும் கால்நடையாகக் கண்டதாகத் தெரியவில்லை. ஒரு வரியில் புகைவண்டி நிலையம். அடுத்த வரியில் தர்கா வாசல். இடைப்பட்ட மண்ணும் நீரும் அவர்கள் எழுத்தில் இல்லை.

சான்றுக்குத் திருநெல்வேலி – திருச்செந்தூர் இருப்புப் பாதையை எடுத்துக்கொள்வோம். 1923இல் திறக்கப்பட்டு, 2008இல் அகலப் பாதையாக மாறிய தடம் இது. நீளம் சுமார் அறுபது கிலோமீட்டர்தான். சுற்றுவட்டாரத்துக்கெல்லாம் சந்தையூரான நெல்லையில் காலை வண்டி ஏறினால், எந்த நிலையத்தில் இறங்கினும் ஒரு முற்பகல் நடைக்கு இடமுண்டு. செய்துங்கநல்லூரை அடுத்து ஆதிச்சநல்லூர்ப் பறம்பு. ஜாகோர் 1876இலும், பின்னர் அலெக்சாந்தர் ரீயும் தாழிகளை அகழ்ந்தெடுத்த இடம். திருவைகுண்டத்தில் அணையும் வயலும். குரும்பூருக்குத் தெற்கே செக்கச் சிவந்த தேரி மணல், குதிரைமொழி வரை. (பெயரில் குதிரை இருக்கிறதே என்று அரபுக் குதிரைகளோடு யாரும் முடிச்சுப் போட வேண்டா.) ஆறுமுகநேரியில் உப்பளங்கள். காயல்பட்டினத்தில் கடல்.

இந்தத் தடத்தைச் சார்ந்துதான் நம் வரலாற்று எழுத்தின் தீராத வழக்கொன்று இருக்கிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ கண்ட ‘காயல்’ எது? ஹோர்முஸிலிருந்தும் ஏடனிலிருந்தும் குதிரைக் கப்பல்கள் வந்து நின்ற துறை எது? பாண்டியனின் அமைச்சர் தகியுத்தீனின் ஆளுகையில் இருந்ததாக வஸ்ஸாப் என்ற பாரசீக வரலாற்றாசிரியர் குறிக்கும் பட்டினம் எது? பழையகாயலே என்றார் கால்டுவெல், 1881இல் வெளியிட்ட திருநெல்வேலி வரலாற்றில். காயல்பட்டினமே என்பர் அவ்வூர் அறிஞர். ஒரு சாரார் மறுசாராரின் சான்றுகளை மறுப்பதிலேயே பக்கங்கள் நிறைகின்றன. வாதத்தில் ஊர்ப்பற்று மிகுதி. அதைக் குறை சொல்லவில்லை. ஊர்ப்பற்று இல்லாதவன் ஊர் வரலாறு எழுதப் புகமாட்டான்.

ஆனால் கொள்கையில் நமக்கு அயலவரான அந்தப் பாதிரியார் ஒன்று செய்தார். ஆற்று முகத்தில் இறங்கி நடந்தார். மைல் கணக்கில் ஓட்டுச் சில்லுகளும், சீனப் பீங்கான் துண்டுகளும் சிதறிக் கிடந்ததைக் கண்ணால் கண்டு எழுதினார். அவர் முடிவை ஏற்காதோரும் அவர் முறையை ஏற்றிருக்கலாம். மறுப்பு எழுதியோரில் எத்தனை பேர் அந்த வெளியை மிதித்தனர் என்ற ஐயம், அவர்கள் எழுத்தைப் படிக்கையில் எழுகிறது.

ஆறுமுகநேரி நிலையத்தில் இறங்கி வடக்கே ஆத்தூர் நோக்கி நடந்து பார்க்கட்டும். வெற்றிலைக் கொடிக்கால்கள் வரும், பின்பு தாமிரபரணிப் பாலம், அப்பால் பழையகாயல். துறைமுகம் என்று படித்துவிட்டு வந்தவர்க்குக் கடல் கண்ணில் படாது. கொற்கையோ இன்னும் உள்ளே, கடலிலிருந்து ஆறேழு கிலோமீட்டர் தொலைவில் வயல் நடுவே கிடக்கிறது. ஆறு கொணர்ந்த வண்டல் துறையைத் தூர்க்க, வணிகம் கடலைத் தேடிப் பெயர்ந்தது. கொற்கை போய்க் காயல் வந்தது, அதுவும் தூர்ந்தது. இதை உணர்ந்தவர் ‘எது உண்மைக் காயல்’ என்ற வினாவையே வேறு விதமாகக் கேட்பார். ஆறு முகம் மாறிய நிலத்தில், ஒரே சமுதாயம் தலைமுறைதோறும் எங்கெங்கே குடி பெயர்ந்தது, எதை விட்டு வந்தது, எதை எடுத்து வந்தது என்பதே கேட்கத்தக்கது. இரண்டு ஊர்களும் ஒரே கதையின் இரு பக்கங்களாக இருக்கக்கூடும் என்பதே என் கருத்து. இதனால் எவ்வூர்ப் பெருமைக்கும் இழுக்கில்லை.

நிலத்தைக் காணாத இக்குறை இலக்கியத் திறனாய்வையும் தொட்டிருக்கிறது. சீறாப்புராணத்தின் நாட்டுப்படலத்தில் உமறுப்புலவர் அரபு நாட்டை மழையும் ஆறும் வயலுமாகப் பாடினார். ‘காவிய மரபு’ என்று ஒரே சொல்லில் இதைக் கடந்து போகிறார்கள். மரபுதான், மறுக்கவில்லை. ஆனால் திருவைகுண்டத்து வயலும் குரும்பூர்த் தேரியும் சில நிலையங்களே இடைவெளி கொண்டவை. வெந்த மணலில் ஒரு நாழிகை நடந்து, பின் வாய்க்கால் கரையில் கால் நனைத்தவர்க்கு, பாலை நிலத்துப் பெருமானாரின் பிறப்பைப் பாட வந்த தமிழ்ப் புலவன் ஏன் நீரை முதலில் அழைத்தான் என்பது உரை இல்லாமலே விளங்கும்.

இன்னொன்று. காயல்பட்டினத்தைப் பற்றி எழுதுவோர் பெருந்தெருக்களையும் குத்பாப் பள்ளியையும் கூறுவர். வீடுகளின் பின்னே பெண்கள் போய்வரும் ‘முடுக்கு’களைப் பற்றி ஒரு பத்தியேனும் எழுதுவோர் அரியர். எழுதுவோர் ஆடவர் என்பது காரணமாகலாம். ஊரின் பாதி மக்கள் நடந்த வழியை விட்டுவிட்டு எழுதுவது எப்படி முழு வரலாறாகும்? அந்த அத்தியாயத்தை நம் சகோதரிகளே எழுத வேண்டும். கடற்கரையும் அவ்வாறே. காயல்பட்டினக் கடற்கரையிலிருந்து தெற்கே வீரபாண்டியன்பட்டினத்து மாதா கோயிலைக் கடந்து திருச்செந்தூர் வரை அலையோரமாக நடந்துவிடலாம். திரும்புவதற்கு அங்கேயே வண்டி நிற்கும். ஆனால் மூவூர் நூல்களும் தத்தம் எல்லையிலேயே நின்றுவிடுகின்றன.

‘பூமியில் சுற்றிப் பாருங்கள், முன்னோரின் முடிவு என்னவாயிற்று என்று நோக்குங்கள்’ என்ற கருத்தைத் திருமறை பல இடங்களில் வற்புறுத்துகிறது. நாம் அதை மேடையில் ஓதிவிட்டு நூலகத்துக்குள் நுழைந்துகொள்கிறோம்.

2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. திருவைகுண்டத்தில் செந்தூர் விரைவு வண்டி சுமார் 800 பயணிகளோடு நின்றது. தண்டவாளத்தின் அடிமண் அரித்துச் செல்லப்பட்டிருந்தது. பழைய நீர்வழிகள் எவை, எந்தக் குளம் எங்கே வடிந்தது என்று அன்று பலரும் கேட்டனர். விடை சொல்ல வேண்டிய ஊர் வரலாறுகளில் அதற்கென ஒரு பக்கமும் இருக்கவில்லை. இனி மலர் வெளியிடுவோர் கட்டுரையாளரிடம் கையெழுத்துப் படியைக் கேட்கும் முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வண்டிக்குப் பயணச்சீட்டு வாங்கிக் கொடுப்பது நலம். வெயிலுக்குமுன் ஆத்தூர்ப் பாலத்தை அடையுமாறு புறப்பட வேண்டும். பங்குனிக்குப் பிறகு தேரிப்பக்கம் போக வேண்டா.