‘எனது’ என்னுஞ் சொல்லும் இயந்திரமும்

ஜோசப் வைசன்பாம் என்பார் பெர்லின் நகரில் 1923-ஆம் ஆண்டிற் பிறந்து, 1936-இல் அமெரிக்கா புகுந்து, மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்திற் கணிப்பொறித் துறைப் பேராசிரியராய் விளங்கியவர். கணிப்பொறியின் ஆற்றலையும் மக்களது பகுத்தறிவையும் ஒருங்கு வைத்து ஆராய்ந்து 1976-ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட நூல், செயற்கை நுண்ணறிவு பற்றி இந்நாளில் எழுப்பப்படும் வினாக்கள் பலவற்றை அரை நூற்றாண்டின் முன்னரே எழுப்பியதாகும். அந்நூற் கொள்கையுள் ஏற்றற்குரியன பல. மறுத்தற்குரியனவும் சில உள. சித்தாந்தம் பயில்வார்க்கு அதன்கண் ஒரு தனிப்பயனும் உண்டு. என்னை? சிவஞானபோத மூன்றாஞ் சூத்திரத்து இரண்டாம் ஏதுவின்மேல் ஐயம் நிகழ்தற்கு இடனாவதொரு செய்தி அந்நூலின் முன்னுரையிலேயே கிடக்கின்றது.

அச்செய்தி வருமாறு: வைசன்பாம் ‘எலைசா’ என்னும் பெயரால் ஓர் உரையாடல் நிரலை அமைத்து, அதன் இயல்பை 1966-ஆம் ஆண்டில் வெளியிட்டார். பெர்னார்ட் ஷாவின் நாடகத்தில், செம்மையாகப் பேசப் பயிற்றப்படும் பெண்ணின் பெயரே அதற்கு இடப்பட்டது. மனநோய் மருத்துவர் ஒருவர் நோயாளியின் சொல்லையே திருப்பி வினவி அவரை மேலும் பேசச் செய்யும் முறையை அது பின்பற்றியது. எழுதப்பட்ட வாக்கியத்துள் தலைமைச்சொல் ஒன்றைத் தேடுவது. அச்சொல்லுக்கு ஏற்கெனவே வகுத்து வைத்த அச்சில் வாக்கியத்தைப் பிரிப்பது. ‘என்’ என்பதை ‘உம்’ என்றும், ‘நான்’ என்பதை ‘நீர்’ என்றும் மாற்றிக் கோப்பது. தலைமைச்சொல் ஒன்றும் அகப்படாவிடின், மேலே சொல்லுக என்பது போலும் பொதுச்சொல் ஒன்றை விடுப்பது: அதன் தொழில் பெரும்பாலும் இவ்வளவே. தந்தை தன்னை வெறுக்கின்றார் என ஒருவர் எழுதினால், உம் தந்தை உம்மை வெறுப்பதாக ஏன் கருதுகின்றீர் என்றாற்போல விடை வரும். தந்தை என்பது யாது, வெறுப்பு என்பது யாது என்னும் அறிவு அதன்கண் அணுவளவும் இல்லை.

வைசன்பாமின் செயலாளராகிய பெண்மணி, அந்நிரல் உருவாகி வந்த திங்கள்களெல்லாம் உடனிருந்து கண்டவர். அஃது ஒரு நிரலேயன்றிப் பிறிதன்றென்பதை அறிந்தவர். அவரே அதனோடு சிறிது உரையாடிய அளவில், பேராசிரியரை அறையினின்றும் புறத்தே செல்லும்படி வேண்டினர். பிறிதொருகால், அந்நிரலோடு மற்றையோர் நிகழ்த்தும் உரையாடல்களையெல்லாம் பதிந்து வைத்துத் தாம் ஆராயலாமென அவர் கருதியபோது, அது பிறர்தம் நெஞ்சின் மறைகளை ஒற்றறிதலாகுமெனப் பலர் வெகுண்டனர். மக்களது தனித்தன்மை யாது, மக்களது அந்தரங்கம் யாது என்னும் இரு வினாக்களும் ஈண்டுப் பிணைந்து நிற்கின்றன. பின்வந்தார் இவற்றை வேறுவேறாகப் பிரித்துப் பேசுதல் பொருந்தாமை பின்னர்க் காட்டப்படும்.

இனி, பொறி சிந்திக்குமோ என்னும் வினாவைக் கற்றோர் அவையில் நிலைநிறுத்தியவர் ஆங்கில நாட்டு ஆலன் டூரிங். ‘மைண்ட்’ என்னும் மெய்ந்நூற் பத்திரிகையில் 1950 அக்டோபர் திங்களில் வெளிவந்த கட்டுரையில், அவ்வினாவை நேரே ஆராயாது, மறைவிலிருந்து எழுத்தால் விடை கூறுவது பொறியோ மனிதரோ என வினவுவார் பிரித்தறியமாட்டாரேல் அமையும் என்றதொரு சோதனையை வகுத்தார். தம்மேல் வரும் மறுப்புக்கள் ஒன்பதனையும் தாமே எடுத்து விடை கூறினார். அவற்றுள் முதலாவது சமயத்தார் மறுப்பு: சிந்தித்தல் அழிவில்லாத ஆன்மாவின் தொழில், அவ்வான்மாவை இறைவன் மக்களுக்கே தந்தான், விலங்கிற்கும் பொறிக்கும் தந்திலன் என்பது. அதற்கு அவர், அங்ஙனங் கூறுவது இறைவனது வரம்பிலாற்றலுக்கு வரம்பு கட்டுதலாம். அவன் வேண்டின் பொறிக்கும் ஓர் ஆன்மாவைப் படைத்து அளித்தல் கூடாதோ என விடுத்தார்.

இவ்விடை, ஆன்மாக்கள் இறைவனாற் புதிதாகப் படைக்கப்படுவன என்பாரை நோக்கியதாயின் வன்மையுடைத்தே. சித்தாந்தத்தில் இதற்குப் பற்றுக்கோடில்லை. ஆன்மாக்கள் அநாதி, படைக்கப்படுவன அல்ல. அவை உடம்பெடுத்தல் வினைக்கீடாக நால்வகைத் தோற்றத்து எழுவகைப் பிறப்பினுள் நிகழ்வது. கொல்லனும் தச்சனும் சமைத்ததொன்றிற் புகுதல் அன்று. அன்றியும், விலங்கிற்கு ஆன்மா இல்லையென்னுங் கொள்கை சைவர்க்கு என்றும் உடன்பாடன்று. புல்லும் பூடும் அவர்க்கு உயிர்களே. ஆதலின் ஆன்மாவுடைமை பற்றி மக்கட்குத் தனிச்சிறப்புக் கூறும் மேல்நாட்டு வழக்கு வீழ்ந்தவிடத்து, அதனோடு வீழ்வது சித்தாந்தத்துள் ஒன்றுமில்லை. மானுடப் பிறவி அரிதென்றது ஞானம் பெறுதற்கு உரித்தாந் தகுதி பற்றியே.

டூரிங் வகுத்த சோதனையின் பயனும் ஈண்டு நோக்கற்பாலது. ஏறக்குறைய ஐம்பதாண்டில், ஐந்து நிமிட வினாவின் பின் பொதுநிலை மாந்தர் சரியாகப் பிரித்தறிதல் நூற்றுக்கு எழுபதின் மேற்படாது என அவர் கணித்தார். 2025-ஆம் ஆண்டில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் டியேகோக் கிளையைச் சார்ந்த ஆராய்ச்சியாளர் இருவர், ஐந்து நிமிட உரையாடலாகவே அச்சோதனையை நடத்தி முடிவு வெளியிட்டனர். மனிதர் ஒருவர்போல நடிக்கும்படி பணிக்கப்பட்ட ஜிபிடி-4.5 என்னும் நிரல், நூற்றுக்கு 73 முறை மனிதரென்றே கொள்ளப்பட்டது. பழைய எலைசாவையும் அவர்கள் உடன் வைத்தனர். அது 23 முறை மனிதரெனக் கொள்ளப்பட, ஜிபிடி-4ஓ என்னும் புதிய நிரல் 21 முறையே அங்ஙனங் கொள்ளப்பட்டது. அறுபதாண்டு மூத்த கிழவிக்குப் பேர்த்தி தோற்றது ஒருபுறமிருக்க, இச்சோதனை அளப்பது வினவுவாரது மயக்கத்தையே என்பது இதனால் தெளிவாம். அறிவான் ஒருவன் உளனோ என்பதை அஃது அளப்பதன்று.

பொறி புத்தியின் தொழிலைச் செய்தலால் மக்களது பெருமை குன்றியதென அஞ்சுவார், புத்தியே ஆன்மா எனக் கொண்டவராவர். 1997-இல் டீப் புளூ என்னும் பொறி சதுரங்கத்திற் காஸ்பரோவை வென்றபோதும், 2016-இல் ஆல்பாகோ என்னும் நிரல் கோ ஆட்டத்தில் லீ செடாலை நாலுக்கு ஒன்றாக வென்றபோதும் எழுந்த கலக்கம் இவ்வகையதே. சிவஞானபோத நான்காஞ் சூத்திரம், ஆன்மா அந்தக்கரணங்களுள் ஒன்றன்று என்று எடுத்துக்கொண்டே தொடங்குகின்றது. மனமும் புத்தியும் அகங்காரமும் சித்தமும் மாயையின் காரியம், சடம், அரசற்கு அமைச்சர்போல ஆன்மாவிற்குத் துணையாவன. கணித்தல், ஒப்பிடல், நிச்சயித்தல் ஆகிய தொழில்கள் சடமாகிய ஒரு கருவியின்கண் நிகழுமெனின், அது மெய்கண்டார்க்குப் புதிதன்று.

ஆயின், கருவி சடம் என்ற அளவில் அமைந்து, இவ்வாராய்ச்சி முடிந்ததென நூலை மூடிவிடுதல் சைவரிற் சிலரது வழக்கு. அது தகாது. உண்மையான இடர் மூன்றாஞ் சூத்திரத்தில் உள்ளது. ஆன்மா உண்டென்பதற்கு அச்சூத்திரம் ஏழு ஏதுக்களைக் கூறும். அவற்றுள், உடம்பை ‘எனது’ என்று பிரித்துக் கூறுதலின் உடம்பின் வேறாய் ஒருவன் உளன் என்பது இரண்டாவது. இந்நாளைய பொறி ‘எனது விடை’, ‘எனது பிழை’ என்கின்றது. எலைசாவோ எனதென்பதை உமதென மாற்றவும் வல்லது. இங்ஙனம் ‘எனது’ என்றல் ஆன்மா இல்லாதவிடத்தும் காணப்படுதலின், அவ்வேது அனைகாந்திகம் என்னும் போலியாம் எனத் தருக்க நூலார் ஒருவர் வினவின், விடை யாது?

ஏதுவாவது சொல்லின் ஒலியோ, அச்சொல்லாற் குறிக்கப்படும் உணர்வோ என முதற்கண் வரையறுத்தல் வேண்டும். ஒலியே ஏதுவாயின், கிளியும் அதனைக் கூறும். கிராமபோன் தட்டும் கூறும். அவ்வேது எழுந்தது உடம்பே ஆன்மா என்னும் தேகான்மவாதியை நோக்கி. அவன் தன் உடம்பைத் தானே ‘எனது’ என வழங்குகின்றான். அங்ஙனம் வழங்குங்கால், உடைமையும் உடையானும் வேறாதலைத் தன்னுள்ளே உணர்கின்றான். அவ்வுணர்வைக் கொண்டே அவனைத் தெளிவிப்பது அவ்வேது. பிறிதொரு பொருள் ‘எனது’ என ஒலித்தலைக் கேட்டு அதற்கு ஆன்மா உண்டென அனுமித்தற்கு அஃது எழுந்ததன்று. எனவே எலைசாவின்கண் ஏது உளதாகித் துணிபொருள் இலதாயிற்று என்றல் பொருந்தாது. ஏதுவே ஆண்டு இன்று.

அற்றன்று; எலைசாவின் உள்ளமைப்பு முழுதும் அறியப்பட்டமையின் அங்ஙனங் கூறலாம்; இந்நாளைய நிரல்களோ எண்ணிறந்த எண்களின் பின்னலாய், அவற்றைச் சமைத்தார்க்கும் முற்றும் புலப்படாதன; அவற்றின்கண் அவ்வுணர்வு இல்லையென எங்ஙனந் துணிவதெனின், இத்தடை வலியது. எனினும் அவற்றின் ஆக்கம் அறியப்பட்டதே. மக்கள் எழுதிவைத்த அளவிறந்த நூல்களையும் உரையாடல்களையும் கொண்டு, ஒரு சொல்லின்பின் வரத்தகும் சொல் யாதெனக் கணிக்குமாறு அவை பயிற்றப்படுகின்றன. அவற்றின்கண் ‘எனது’ என வருவது, முன் எழுதிய கோடிக்கணக்கான மக்கள் தம்மை உணர்ந்து எழுதிய ‘எனது’ என்பதன் சுவடு. அச்சொல் ஆண்டு வருதற்குக் காரணம் வேறாற்றான் முடிதலின், அதுகொண்டு உள்ளே ஒருவனைக் கற்பித்தல் மிகையாம். இதனால் அவ்வேது பழுதுபடவில்லை. சொல் ஒன்றே கொண்டு பிறரிடத்து உயிருண்மை துணியலாகாதென்பது மட்டும் பெறப்பட்டது. இதற்குமுன் அத்துணை விளக்கமாக இதனை உரைத்தல் வேண்டாதிருந்தது. பேசுவன உயிரே என்னும் வழக்கு யாண்டும் பிறழாமையின். இனி, பாடஞ் சொல்வார் இரண்டாம் ஏதுவோடு நில்லாது, கனவினை அறிதலும், கண்படை கொண்டவழி உண்டியும் வினையும் இன்மையும் ஆகிய ஏதுக்களையும் ஒருங்கு கூட்டியே உரைத்தல் வேண்டும். மின்விசை நிறுத்தப்பட்ட பொறி உறங்கிற்று என்பார் உளரேனும், விழித்தபின் இனிது உறங்கினேன் என உணர்வது ஆண்டு யாது?

அச்சூத்திரமே உடம்பை மாயையாலாய இயந்திரம் எனப் பெயரிட்டு வழங்கியது. இயந்திரம் என்னுஞ் சொல்லை உடம்பின்மேல் ஏற்றினும் ஆன்மா அழிந்துபடாதென அஞ்சாது கூறியவர்க்கு, இயந்திரத்தின்மேல் ‘எனது’ என்னுஞ் சொல்லை ஏற்றக் கேட்டு அஞ்சவேண்டுவது யாதுமில்லை.

வைசன்பாம் காட்டும் அரணோ வேறு. மனிதன் உடம்பொடு பிறந்து, தாயின் மடியில் வளர்ந்து, நோயும் இழப்பும் உற்று அறிவு பெறுகின்றான். பொறியின் அறிவு அத்தகைய வரலாறு இல்லாதது. ஆதலின் மக்கட்குரிய செய்திகளில் அஃது அயலதே என்பது அவர் கருத்து. இஃது உண்மையாயினும் அரணாகாது. அனுபவத்தின் மிகுதி குறைவே வேற்றுமையெனின், நாளை ஒரு பொறிக்குக் கண்ணும் செவியும் கையும் பொருத்தி நெடுங்காலம் உலவவிட்டால் அவ்வேற்றுமை சிறுகிச் சிறுகி ஒழியும். அனுபவத்திற்கு அனுபவிப்பான் ஒருவன் வேண்டுமென்பதை அவர் தொட்டும் தொடாமலும் விட்டார். மற்று, பொறியாற் செய்ய இயலுமாயினும் அதன்பாற் செலுத்தலாகாத தொழில்கள் உள என்று அவர் வலியுறுத்தியதே நூலின் உயிர்நிலை. உளமருத்துவத்தைப் பொறிவாயிலாகவே நடத்தலாமெனக் கென்னத் கோல்பி முதலிய மருத்துவர் மகிழ்ந்தமை அவரைத் திடுக்கிடச் செய்தது. பொறியை மனிதனாக மதிப்பதினும், மனிதன் தன்னைப் பொறியாக மதித்துக்கொள்வதே கொடிதென்றார். சார்ந்ததன் வண்ணமாதல் ஆன்மாவின் இயல்பென அறிந்தார்க்கு இவ்வச்சத்தின் காரணம் எளிதிற் புலப்படும்.

எஞ்சியது அந்தரங்கம். அப்பெண்மணி புறத்தே அனுப்பியது யாரை? அறையில் அறிவுடைப் பொருள் தாம் ஒழிய ஒருவரே இருந்தார், அவரை அனுப்பினார். பொறியின்முன் நாணுதல் வேண்டாமையை அவர் நெஞ்சம் அறிந்திருந்தது. அதனாலன்றோ அதனிடம் மனந்திறந்தார். நாணமும் மறையும் அறிவான் ஒருவன் முன்னரே உளவாவன. ஆகவே தனித்தன்மையும் அந்தரங்கமும் ஒரு வேரின. அறிவானையும் அறியப்படுவதையும் பிரித்துணராதார்க்கு இரண்டும் விளங்கா. ஆனால் அப்பெண்மணி கருதாதது ஒன்றுண்டு. பொறி தான் அறியாதெனினும், தன்பாற் பெய்ததைப் பிறர் அறியுமாறு வைத்திருக்கும். பதிவு செய்தல் பற்றி வெகுண்டவர்கள் இதனை உணர்ந்தவர்கள்.

இந்நாளில் அது மற்றும் ஒருபடி சென்றது. சொன்னதைக் காத்தலேயன்றிச் சொல்லாததையும் பொறி வெளிப்படுத்துகின்றது. கேம்பிரிட்ஜ்ப் பல்கலைக்கழகத்தார் உள்ளிட்ட ஆராய்ச்சியாளர் மூவர் 2013-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், 58,000-க்கு மேற்பட்டோர் முகநூலிற் ‘விருப்பம்’ எனக் குறித்தவற்றை மட்டுங் கொண்டே அவர்தம் சமயம், அரசியற் சார்பு, காம இயல்பு முதலியன பெரிதும் பிழையாமற் கணிக்கப்பட்டன. பிறன் நெஞ்சினைக் குறிப்பால் உணர்தல் பண்டும் உண்டு. அங்ஙனம் உணர்வான் எதிரே நின்றான், அவன் முகத்தையும் காணலாயிற்று. இறைவன் எல்லாம் உணர்வான் என்னுமிடத்தும், அவ்வுணர்வு அருளோடு கூடியதெனச் சைவர் அமைதி கொள்வர். கணித்தவர் இன்னாரெனத் தெரியாமலும், அவர்க்கு அருள் உண்டோ இல்லையோ என அறியாமலும் ஒருவர் நெஞ்சு அளக்கப்படுதல் இக்காலத்துக்கே உரியது.

கருவியோடு தனித்துப் பேசியதாகக் கருதுவார் நிலையும் இதனின் வேறன்று. 2025 மே திங்களில் நியூயார்க்கிலுள்ள கூட்டாட்சி நீதிமன்றம், பதிப்புரிமை வழக்கொன்றனிடையே, சாட்ஜிபிடியை நடத்தும் ஓப்பன்ஏஐ நிறுவனம் உரையாடற் பதிவுகளை, அவற்றை உடையார் அழித்துவிட்டனவும் உட்பட, அழியாது வைத்தல் வேண்டுமென ஆணையிட்டது. அவ்வாணை அவ்வாண்டு முடியுமுன்னரே நீக்கப்பட்டது. அதற்குள் பலர், தாம் அழித்ததாக எண்ணிய சொற்கள் பிறிதோரிடத்து இருந்தமையை முதன்முறையாக அறிந்துகொண்டனர்.