தெற்கே சேர்ந்த மணல்

விமர்சனம் எழுதுவது என்றால் ஒரு நாவலையோ கவிதைத் தொகுப்பையோ கையில் எடுப்பதுதான் வழக்கம். இந்த முறை நான் எடுத்திருப்பது ஒரு வரைபடத்தை. 1870களில் வில்லியம் பார்க்ஸ் என்ற பொறியாளர் மதராஸ் துறைமுகத்துக்காகத் தீட்டிய திட்டம் அது. கரையிலிருந்து நேராகக் கடலுக்குள் நீளும் இரண்டு கைகள். முனையில் இரண்டும் ஒன்றை நோக்கி ஒன்று மடங்குகின்றன. நடுவே கிழக்கைப் பார்த்து ஒரு வாசல். ஒரு குழந்தையிடம் பென்சிலைக் கொடுத்து 'துறைமுகம் வரை பாப்போம்' என்றால் ஏறக்குறைய இதைத்தான் வரையும்.

இதை ஏன் இலக்கிய இதழில் எழுதவேண்டும் என்று கேட்கலாம். சென்னையைப் பற்றி நாம் எழுதுகிற பலவற்றுக்கும் அடியில் இந்தப் படம் கிடக்கிறது என்பதுதான் என் பதில். மெரினாவைப் பற்றிய கவிதை, வடசென்னையைப் பற்றிய நாவல் இரண்டுமே இந்தத் தாளின் மேல்தான் எழுதப்படுகின்றன. தாளைத்தான் யாரும் பார்ப்பதில்லை.

நான் வளர்ந்தது திருவொற்றியூரில். எங்களுக்குக் கடற்கரை என்றால் கருங்கல். சாலை, அதை ஒட்டிக் கொட்டிவைத்த பாறைகள், அதற்கு அப்பால் உடனே தண்ணீர். ஞாயிற்றுக்கிழமை 'பீச்சுக்குப் போலாம்' என்று வீட்டில் சொன்னால் பஸ் ஏறி மெரினாவுக்குப் போவோம். கடலோரத்தில் குடியிருந்துகொண்டு கடற்கரைக்குப் பஸ்ஸில் போவதில் என்ன வினோதம் இருக்கிறது என்று அந்த வயதில் தோன்றவே இல்லை. ஆயாதான் பாறைமேல் நின்று தண்ணீரைக் காட்டி அடிக்கடி சொல்லும்: "கட்லு அங்கெங்கியோ கெடந்துச்சி ராசா. இந்தாண்ட பூரா மணலு. வல காயப்போடுவாங்க, பசங்க வெளையாடுங்க." சும்மா கதை விடுகிறது என்று நினைத்தேன். கல்லூரிக்குப் போய், துறைமுகத்தின் வரலாற்றைத் தற்செயலாக வாசித்தபிறகுதான் ஆயா சொன்னது கதையில்லை என்று புரிந்தது.

மதராசுக்கு இயற்கையான துறைமுகம் கிடையாது. கப்பல்கள் கரையிலிருந்து தள்ளி நங்கூரமிட்டு நிற்கும். ஆளையும் சரக்கையும் மசூலா படகுகள் கொண்டுவரும். ஆணி அடிக்காமல், பலகைகளைக் கயிற்றால் தைத்துக் கட்டிய படகு அது. அலை மோதும்போது உடையாமல் நெகிழ்ந்து கொடுக்கும். இந்தக் கரையின் குணம் தெரிந்தவர்கள் செய்த பொருள். ஆனால் நனையாமல் யாரும் இறங்கமுடியாது, சரக்கும் தப்பாது. 1861இல் இரும்புத் தூண்களின்மேல் கடலுக்குள் நீளும் ஒரு பாலம் வந்தது. அதுவும் போதவில்லை. 1875 டிசம்பரில், பிற்பாடு ஏழாம் எட்வர்ட் ஆன வேல்ஸ் இளவரசர் வந்து புதிய துறைமுகத்துக்கு அடிக்கல் நாட்டினார். பார்க்ஸின் இரண்டு கைகள் கடலுக்குள் வளரத் தொடங்கின. 1881 நவம்பரில், வேலை முடியும் தறுவாயில், ஒரு புயல் அந்தக் கைகளை உடைத்துப்போட்டது. மறுபடி கட்டினார்கள்.

பொதுவாகத் துறைமுக வரலாறுகள் இந்தப் புயலைத்தான் கதையின் உச்சமாக வைக்கும். மனிதன், கடல், தோல்வி, விடாமுயற்சி. எனக்கு அந்தச் சொல்முறையில்தான் சிக்கல். புயல் ஒருநாள் வந்து போனது. மணல் தினமும் வந்தது.

சோழமண்டலக் கரையில் மணல் சும்மா கிடப்பதில்லை. தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் அலை சாய்வாக வந்து மோதி மணலை வடக்கே தள்ளும். வடகிழக்குப் பருவத்தில் கொஞ்சம் திருப்பித் தெற்கே தள்ளும். வரவு செலவு பார்த்தால் மிச்சம் வடக்கே போவதுதான் அதிகம். அதாவது கரையை ஒட்டி, கண்ணுக்குத் தெரியாமல், வடக்கு நோக்கி ஒரு மணல் ஆறு ஓடுகிறது. அதன் குறுக்கே கல்லால் ஒரு கை நீட்டினால் அது அணை. அணைக்கு மேலே தேங்கும், கீழே வறளும். தெற்கே மணல் மலையாய்ச் சேர்ந்தது. வடக்கே ராயபுரம் தொடங்கி எங்கள் ஊர்வரை கரை அரித்தது.

இது அன்றைக்குத் தெரியாதா என்றால், தெரியாமல் இல்லை. மணலைப் பற்றிய விவாதம் கட்டுவதற்கு முன்பே இருந்தது. கரையைத் தொடாமல், கடலுக்குள் தனித்து நிற்கும் அலைதடுப்புச் சுவர் என்ற யோசனையும் அந்தக் காலத்துப் பேச்சில் இருந்தது. தேர்ந்தெடுக்கப்பட்டது கரையோடு ஒட்டிய கைகள். இந்த இடத்தில்தான் வரைபடத்தை ஒரு பிரதியாக வாசிக்கத் தோன்றுகிறது. ஒரு நாவலை எடுத்ததும் யார் பார்வையில் சொல்லப்படுகிறது என்று கேட்போம் இல்லையா? இந்தப் படம் கப்பலின் பார்வையில் சொல்லப்பட்டது. ஆழம் எவ்வளவு, அலை எவ்வளவு, உள்ளே எத்தனை கப்பல் நிற்கலாம். கரை வெறும் ஒரு கோடு. அந்தக் கோட்டில் ஆள் இருக்கிறார்களா, அது நகருமா என்ற கேள்விக்கெல்லாம் தாளில் இடம் இல்லை.

கப்பலுக்காவது நல்லது நடந்ததா? அதுவும் அரைகுறைதான். வாசல் கிழக்கைப் பார்த்து இருந்ததால் வங்கக்கடலின் அலை நேராக உள்ளே வந்தது. புயல் அறிகுறி தெரிந்தால் கப்பல்கள் துறைமுகத்தை விட்டு வெளியே, நடுக்கடலுக்குப் போகவேண்டியிருந்தது. புயலுக்கு ஒதுங்கத்தான் துறைமுகம். இங்கே புயல் வந்தால் துறைமுகத்திலிருந்தே ஒதுங்கவேண்டும்! இன்னொரு பக்கம், தெற்குக் கையின் மூலையில் இடம் நிரம்பியதும் மணல் சுவரைச் சுற்றிக்கொண்டு வாசலை நோக்கி வந்தது. வாசல் ஆழம் குறைந்தது. தூர் வார வேண்டும். வாரினால் மறுபடி வரும். மறுபடி வார வேண்டும்.

'தூர் வாருதல்' என்ற சொல்லைக் கொஞ்சம் நிறுத்திப் பார்க்கலாம். ஊரில் கண்மாயைத் தூர் வாருவார்கள், கிணற்றைத் தூர் வாருவார்கள். அந்த வண்டல் அதே ஊர்க்காரரின் வயலுக்குப் போகும், கரையை உயர்த்தும். அந்தச் சொல்லுக்குள் ஒரு நல்லெண்ணம் இருக்கிறது, ஊர் கூடிச் செய்யும் வேலையின் வாசனை இருக்கிறது. அதே சொல்லைக் கடலுக்குக் கொண்டுபோகும்போது அந்த நல்லெண்ணமும் கூடவே போய்விடுகிறது. ஆனால் துறைமுக வாசலில் சேர்வது, வடக்கே உள்ள ஒரு கரைக்குப் போய்ச்சேர வேண்டிய மணல். பொறியாளருக்கு அது அடைப்பு. எங்கள் ஊருக்கு அது தரை.

1904இல் துறைமுகத்தின் தலைமைக்கு பிரான்சிஸ் ஸ்பிரிங் வந்தார். இந்தப் பெயரை எங்கேயோ கேட்டமாதிரி இருக்கிறதா? ராமானுஜன் கதையில் வருவார். 1912இல் துறைமுகக் கணக்குப் பிரிவில் மாதம் முப்பது ரூபாய்ச் சம்பளத்துக்கு எழுத்தராகச் சேர்ந்த இளைஞனின் திறமைக்குக் கைகொடுத்த நல்ல வெள்ளைக்காரர். ராமானுஜன் வாழ்க்கையை எழுதுகிறவர்கள் அத்தோடு அவரை அனுப்பிவிடுகிறார்கள். என் கண்ணில் ஸ்பிரிங், பார்க்ஸின் பிரதிக்கு வாய்த்த நல்ல எடிட்டர். கிழக்கு வாசலை மூடவைத்து, வடகிழக்கைப் பார்த்துப் புது வாசல் திறந்தார். அலையும் அடங்கியது, வாசலில் மணல் சேர்வதும் குறைந்தது. கரையோர மணலின் நடமாட்டத்தைக் கவனித்து, கணக்கெடுத்து, பொறியாளர்களுக்காக எழுதியும் வைத்தார்.

ஆனால் எடிட்டரும் பிரதியின் மையத்தை மாற்றவில்லை. கேள்வி கடைசிவரை 'வாசலை எப்படிக் காப்பாற்றுவது' என்பதாகவே இருந்தது. வடக்கே கரை அரிப்பதும் பொறியாளர்களுக்குத் தெரிந்தேதான் இருந்தது. அதற்குக் கிடைத்த பதில் கல். ஒரு இடத்தில் கல் கொட்டினால் அதற்கு வடக்கே அரிக்கும். அங்கேயும் கல். நான் சிறுவயதில் ஏறி நின்ற பாறைகள் இப்படித்தான் வந்தன.

இனி தெற்கே. 1880களின் நடுவில் ஆளுநர் கிராண்ட் டஃப் கடலோரமாக ஒரு உலாச்சாலை அமைத்து அதற்கு 'மெரினா' என்று பெயர் வைத்தார். இத்தாலியக் கடற்கரையின் நினைவில் வைத்த இரவல் பெயர். அதற்கு எதிரே, துறைமுகத்தின் புண்ணியத்தில், மணல் ஆண்டுதோறும் அகன்றுகொண்டே போனது. இன்று சாலையில் இறங்கி அலையில் கால் நனைக்க எவ்வளவு தூரம் நடக்கிறோம்! அந்த நடையில் பெரும்பங்கு துறைமுகத்தின் தெற்குக் கை போட்டுக்கொடுத்தது.

மெரினாவைப் பற்றி எழுதுகிறவர்களிடம் எனக்கு உள்ள குறை இதுதான். சுண்டல், பட்டம், காதலர்கள், சிலைகள், சமாதிகள் எல்லாம் வரும். 'இயற்கையின் கொடை' என்று ஒரு வரியும் தவறாமல் வரும். வடசென்னை எழுத்தோ குப்பம், ரௌடி, குத்துச்சண்டை, மீன்வாடை என்று வேறு பாதையில் போகும். நான் வாசித்தவரை இரண்டிலும் கரை என்பது எப்போதும் இருந்த ஒன்று. ஒன்றின் அகலமும் இன்னொன்றின் இல்லாமையும் ஒரே கணக்கின் இரண்டு பக்கங்கள் என்று எழுத்தில் வருவதே இல்லை. வாழ்வை எழுதுகிறோம், வட்டார வழக்கை எழுதுகிறோம், நிலத்தை மட்டும் அரங்கத்தின் திரைச்சீலையாக வைத்துக்கொள்கிறோம்.

இதைச் சொன்னபோது நண்பன் ஒருவன் மடக்கினான்: "அப்போ துறைமுகமே கட்டியிருக்கக் கூடாதுங்கறியா?" நியாயமான கேள்வி. எங்கள் தாத்தா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். அந்தக் கூலியில்தான் வீட்டில் உலை கொதித்தது. துறைமுகம் இல்லாத சென்னையை என்னால் கற்பனைகூடச் செய்யமுடியவில்லை. நான் கேட்பது அதுவல்ல. ஒரு திட்டத்தின் விலையை அதே தாளில் எழுதியிருக்கிறார்களா என்பதுதான் என் கேள்வி. இன்றைக்கும் எண்ணூருக்கு வடக்கே, காட்டுப்பள்ளி விரிவாக்கம் என்று படம் வருகிறது. அதிலும் கடலுக்குள் நீளும் கைகள் இருக்கின்றன. பழவேற்காட்டு மீனவர்கள் அச்சப்படும்போது, அவர்களுக்கு வளர்ச்சி புரியவில்லை என்று சொல்லிவிடுவது சுலபம். உண்மையில் அவர்கள் அந்தப் படத்தின் வடக்கு ஓரத்தைத்தான் வாசிக்கிறார்கள். நாம் வாசிக்காமல் விட்ட ஓரம்.

போன மாதம் ஆயாவுக்குப் போனில் செயற்கைக்கோள் படத்தைக் காட்டினேன். நடுவில் துறைமுகம். கீழே வெளிறிய அகலப் பட்டை, மேலே கறுப்பாக ஒரு மெல்லிய கோடு.

"இன்னாடா இது, வெள்ளையா கீது?"

"மணலு ஆயா. மெரினா."

"நம்ம வூடு?"

கறுப்புக் கோட்டைக் காட்டினேன். ஆயா கொஞ்சநேரம் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தது. "தோ, இங்கதான் வல காயப்போடுவாங்க," என்று விரலை வைத்தது. விரல் இருந்த இடம் கறுப்புக் கோட்டுக்கு வெளியே, நீலத்தில் இருந்தது.